ஒரு லிட்டர் பாலும் ஒரு போனும்

கேள்வி: டாக்டர், எங்களுக்கு ஈரோடு. என் பையனுக்கு ஒரு வயது பத்து மாதம். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். பகலில் என் மாமியார்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறார். பையன் சாப்பிடவே மாட்டேன் என்கிறான். மிக்ஸியில் அடித்த பருப்பு சாதத்தை, போனில் ரைம்ஸ் போட்டுக் காட்டித்தான் ஊட்ட முடிகிறது. ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. சோற்றை விழுங்காமல் கன்னத்திலேயே அடக்கி வைத்துக்கொள்கிறான். போனை எடுத்தால் துப்பிவிடுகிறான். பால் மட்டும் நன்றாகக் குடிப்பான். எழுந்ததும், பதினொரு மணிக்கு, மத்தியானத் தூக்கத்துக்கு, சாயங்காலம், ராத்திரி, நடுராத்திரி என்று ஆறு பாட்டில். ஒரு வயதில் 8.7 கிலோ இருந்தான், இப்போது 10.5. பக்கத்து வீட்டுக் குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது. "எம்மவன் இந்த வயசுல மூணு இட்லி தின்னுபோடுவான்" என்று அத்தை தினமும் சொல்கிறார். கணவரோ, "எல்லாப் பசங்களும் அப்படித்தான், விடு" என்கிறார். பூச்சியாக இருக்குமா? பசி மருந்து கொடுக்கலாமா? பாலில் பவுடர் ஏதாவது கலக்கலாமா? தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகலாம் என்கிறார் அத்தை. போனை நிறுத்தச் சொல்லி அவரிடம் எப்படிப் பேசுவது? எனக்கு அழுகையாக வருகிறது.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது எடைதான் என்று தெரிகிறது. அதை முதலில் பேசிவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளின்படி, 22 மாத ஆண் குழந்தையின் நடுத்தர எடை 11.8 கிலோ. 9.4 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக் குறைவு என்போம். உங்கள் பையன் 10.5. தடுப்பூசி அட்டையில் வளைகோடுகள் போட்ட ஒரு பக்கம் இருக்குமே, அதில் இரண்டு புள்ளி வைத்துப் பாருங்கள். ஒரு வயதில் 8.7, இப்போது 10.5. இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டை ஒட்டி விழும். எடை விஷயத்தில் நாங்கள் பார்ப்பது அதைத்தான். குழந்தை ஒல்லியா குண்டா என்பதைவிட, தன் கோட்டில் போகிறானா, அதைவிட்டு இறங்குகிறானா என்பது முக்கியம். இவன் இறங்கவில்லை.

முதல் வருடத்தில் பிறந்த எடை மூன்று மடங்காகிறது. அடுத்த வருடம் முழுக்க ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோ மட்டுமே. வளரும் வேகம் தணிந்தால் பசியும் தணியும். "ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டான் டாக்டர், பொறந்த நாள் கொண்டாடினோம், அப்புறம் விட்டுட்டான்" என்று வாரத்துக்கு நான்கு அம்மாக்களாவது என்னிடம் சொல்கிறார்கள். யார் கண்ணும் பட்டுவிடவில்லை. அந்த வயதின் இயல்பே அது. அதனால் உங்கள் கணவர் சொல்வது பாதி சரி.

மீதிப் பாதி அந்த ஆறு பாட்டிலில் இருக்கிறது. ஒரு பாட்டிலுக்கு 170 மில்லி என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஆகிவிட்டது. ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 650 கலோரி. பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போடுகிறீர்கள் என்றால் அதில் இன்னொரு நூறு. நடுவில் "வெறும் வயித்தோட இருக்கானே" என்று கொடுக்கிற மேரி பிஸ்கட் நாலு, அதில் ஒரு நூறு. ஆக 850. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்படுவதே ஆயிரம், ஆயிரத்து நூறு கலோரிதான். மிச்சமிருக்கிற இருநூற்றுச் சொச்சம் கலோரிக்காகத்தான் உங்கள் வீட்டில் மூன்று வேளையும் சண்டை நடக்கிறது. பன்னிரண்டரைக்கு அத்தை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வருகிறார். பதினொரு மணிக்குக் குடித்த பாலே இன்னும் வயிற்றில் இருக்கிறது. அவன் வாயை மூடிக்கொள்வதில் என்ன தப்பு? பசிக்காதபோது சாப்பிடாமல் இருக்க அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நம்மில் பல பேருக்கு அது மறந்தே போய்விட்டது.

பாலை நான் குறை சொல்லவில்லை. சுண்ணாம்புச் சத்தும் புரதமும் நிறைந்த உணவு அது. ஆனால் அதில் இரும்புச் சத்து கிடையாது என்றே சொல்லலாம். ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. போதாததற்கு, பாலில் உள்ள சுண்ணாம்பும் கேசீன் புரதமும், மற்ற சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் கொஞ்சம் இரும்பையும் உடம்பில் ஒட்டவிடாமல் தடுக்கின்றன. இரும்பு குறைந்தால் ரத்தம் குறையும். ரத்தம் குறைந்த குழந்தைக்குப் பசி மந்திக்கும், சிடுசிடுப்பு வரும். சாப்பிடவில்லையே என்று நாம் இன்னும் ஒரு பாட்டில் பால் கொடுப்போம். நான் பார்க்கிற "சாப்பிடாத பிள்ளை"களில் நிறையப் பேர் இந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டவர்கள்தான். 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இதில் கொழுகொழு குழந்தைகளும் அடக்கம். பால் குடித்துக் கன்னம் உப்பிய குழந்தையின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறிப்போய் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பற்றி இதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அப்படி இருந்தால் உங்கள் குழந்தை மருத்துவர் எடைக்குத் தகுந்தபடி இரும்பு சிரப் எழுதிக் கொடுப்பார். அதைப் பாலோடு கலந்து கொடுக்காதீர்கள், பால் குடித்த கையோடும் கொடுக்காதீர்கள். மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ரத்தம் சரியாக இருந்தாலும்கூட, 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இரண்டு முறை 1 மில்லி இரும்பு சிரப் கொடுக்க வேண்டும் என்று அரசுத் திட்டமே இருக்கிறது. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். பணம் கட்டி வாங்க வேண்டியதில்லை.

இப்போது பாட்டில். என் கருத்தில் போனுக்கு முன்னால் இதைத்தான் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பெற்றோர் தலைகீழாகச் செய்கிறார்கள். எதையோ படித்துவிட்டு ஒரே நாளில் போனைப் பிடுங்குகிறார்கள். வயிற்றில் பால் நிரம்பிய பிள்ளை போனும் இல்லாமல் எப்படிச் சாப்பிடும்? இரண்டு நாள் பட்டினி, மூன்றாம் நாள் போன் திரும்பி வந்துவிடும். முதல் வாரம் போனைத் தொடவே வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். பாலை மட்டும் குறையுங்கள். பசி வந்துவிட்டால் போனை எடுப்பது பாதி சுலபம்.

சனிக்கிழமை ஆரம்பியுங்கள், கணவரும் வீட்டில் இருக்கும்படி. முதலில் நடுராத்திரி பாட்டில். அழுவான். தட்டிக்கொடுத்து, டம்ளரில் இரண்டு வாய் தண்ணீர் கொடுத்துப் படுக்க வையுங்கள். மூன்று, நான்கு ராத்திரி கஷ்டப்படுவீர்கள். அதில் இரண்டு ராத்திரியாவது அப்பா எழுந்திருக்க வேண்டும். "விடு" என்று சொன்னவர் அவர்தானே. ராத்திரி வாயில் பாட்டிலோடு தூங்கும் குழந்தைக்கு மேல்வரிசை முன்பற்கள் வரிசையாகச் சொத்தையாகும் என்பதும் இதை முதலில் நிறுத்தச் சொல்வதற்கு ஒரு காரணம். டார்ச் அடித்து அவன் பல்லைப் பாருங்கள். ஈறை ஒட்டி வெள்ளைத் திட்டோ பழுப்புக் கோடோ தெரிந்தால் பல் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

அடுத்து பதினொரு மணிப் பாட்டில், பிறகு மத்தியானத் தூக்கப் பாட்டில். பத்து நாளில் ஒரு நாளைக்கு 400, அதிகம் போனால் 500 மில்லி என்று வந்துவிட வேண்டும். அதுவும் டம்ளரில், சாப்பாட்டுக்குப் பிறகு, சர்க்கரை இல்லாமல். சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். தயிரும் மோரும் இந்தக் கணக்கிலேயே வரும். பாட்டில்களை எடுத்து மேலே ஒளித்து வைக்காதீர்கள், வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். பரணில் இருந்தால் ஒரு மழைநாள் ராத்திரி அது இறங்கி வந்துவிடும். பால் பாட்டிலுக்கு இந்த நாட்டில் விளம்பரம் செய்யவே கூடாது என்று 1992-லிருந்து சட்டம் இருக்கிறது, தெரியுமா? அப்படியும் அது இல்லாத வீடு இல்லை.

இனி போன். அத்தை போனைக் காட்டியதும் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கண் திரையில் நிலைக்கும். வாய் லேசாகத் திறந்துகொள்ளும். அந்த இடைவெளியில் ஒரு கவளம் உள்ளே போகும். அவனுக்கு அது பருப்பா, ரசமா, கசப்பா, இனிப்பா, எதுவும் தெரியாது. மெல்லவும் தோன்றாது. அதனால்தான் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறான், அடம் என்று நினைக்காதீர்கள். வாயில் ஒன்று இருக்கிறது என்பதே மறந்துபோய்விட்டது. வயிறு நிறைந்தது என்று உள்ளிருந்து வரும் செய்தியும் அவனுக்கு எட்டாது. சாப்பிடக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தும் அவன் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. 2 வயதுக்குள் திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே ஏறக்குறைய அதையே சொல்லிவிட்டது. 2 முதல் 5 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெளியூரில் இருக்கும் உங்கள் அம்மாவோடு வீடியோ காலில் பேசுவது இந்தக் கணக்கில் சேராது. அது தாராளமாக நடக்கட்டும்.

மிக்ஸியையும் நிறுத்துங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வார்த்தை அதுதான். எட்டு, ஒன்பது மாதத்திலேயே கையால் மசித்த கட்டியான சாப்பாட்டுக்கு மாறியிருக்க வேண்டும். ஒரு வயதில் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே, காரத்தைக் குறைத்து, அவனும் சாப்பிட முடியும். 22 மாதமாக வழுவழுவென்று விழுங்கியே பழகிய வாய்க்கு ஒரு பருக்கை தட்டுப்பட்டாலே குமட்டுகிறது. இதை ஒரே நாளில் மாற்ற முடியாது. இந்த வாரம் மிக்ஸிக்குப் பதில் மத்து. அடுத்த வாரம் கரண்டியால் ஒன்றிரண்டாக மசித்தது. அதற்கடுத்து விரலால் பிசைந்தது. கூடவே கையில் பிடித்துக் கடிக்கிற மாதிரி ஏதாவது தட்டில் இருக்கட்டும். தோசையின் மொறுமொறு ஓரம், வேகவைத்த கேரட், அவித்த முட்டையில் ஒரு கீற்று, நேந்திரம்பழத் துண்டு. கடித்துத் துப்பினாலும் பரவாயில்லை, தாடை வேலை செய்கிறது. முழு நிலக்கடலை, முழு திராட்சை, பாப்கார்ன், பொட்டுக்கடலை இவை மட்டும் கூடாது. மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இந்த வயதில் அது அரிதான விபத்தும் இல்லை.

என்ன கொடுப்பது என்று கேட்பீர்கள். உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அரிசியும் பருப்பும் சாதம் ஒன்று போதுமே! துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு எல்லாம் ஒரே குக்கரில். குழைய வைத்து, மேலே ஒரு ஸ்பூன் நெய். பச்சைப்பயிறு கடைசல், முருங்கைக்கீரை போட்ட அடை, கேழ்வரகுக் களி, முட்டை. அசைவம் சாப்பிடும் வீடு என்றால் வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரல் கொஞ்சம், முள் எடுத்த மீன். கீரைக்கும் பயறுக்கும் கூட நாலு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள், அல்லது பிறகு ஒரு துண்டு கொய்யா கொடுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் ஒட்ட வைக்கும். அத்தை தன் டீயில் பிஸ்கட்டை நனைத்து அவனுக்கு ஒரு வாய் கொடுப்பாரா? பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான். டீ இதற்கு நேர் எதிரி. இரும்பை வெளியே தள்ளிவிடும். அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு நேரம் எப்படி இருக்க வேண்டும் என்றால், காலை, மதியம், இரவு மூன்று வேளை, நடுவில் இரண்டு சிறு தீனி. ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீர் தவிர வேறு எதுவும் கிடையாது. ஹாலில் ஒரு பழைய புடவையை விரியுங்கள். வீட்டில் வேறு யாராவது ஒருவராவது அவனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவனுக்கென்று ஒரு தட்டு. அதில் அரை இட்லியை நாலாகக் கிள்ளி, நல்லெண்ணெய் தொட்டு வையுங்கள். அரை இட்லி போதும். குவித்து வைத்தால் பார்த்ததுமே முகத்தைத் திருப்புவான். முடித்துவிட்டுக் கேட்டால் இன்னொரு அரை. கையை விட்டு அளைவான், தலையில் தேய்ப்பான், ஒரு துண்டை உங்கள் வாயில் திணிப்பான். வாங்கிக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்றாலும் எடுங்கள், முகத்தைச் சுளிக்காமல். அதற்கு ஈடாகப் பத்து நிமிடம் கழித்துப் பாலோ பிஸ்கட்டோ வரக்கூடாது. இந்த ஓர் இடத்தில்தான் எல்லா வீடுகளும் தோற்கின்றன. அடுத்த வேளை வரட்டும், சாப்பிடுவான். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதை அவன் முடிவு செய்யட்டும். ஒரு வேளை நாலு வாய், மறு வேளை ஒன்றுமில்லை, மறுநாள் காலை இரண்டு தோசை என்று போகும். வேளைக் கணக்கு பார்க்காதீர்கள், வாரக் கணக்கு பாருங்கள். புதிதாக ஒன்றைத் தட்டில் வைத்து இரண்டு தடவை துப்பினால் "அவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடாதீர்கள். பத்து, பதினைந்து தடவை கண்ணில் பட்ட பிறகுதான் சில குழந்தைகள் வாயில் வைக்கும்.

காலில் படுக்கப்போட்டுக் கையை அமுக்கிப் புகட்டுவது, மூக்கைப் பிடிப்பது, இதெல்லாம் நடக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நடந்தால் இன்றே நிறுத்துங்கள். அழும் குழந்தைக்குப் புரை ஏறி நுரையீரலுக்குள் சோறு போய்விடும். பூச்சாண்டி, போலீஸ், "டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்றேன்" எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். கடைசியதை என் நலம் கருதியும் கேட்டுக்கொள்கிறேன். கிளினிக் வாசலிலேயே அலறுகிற குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து என்ன கேட்க முடியும்?

மாமியாரிடம் எப்படிப் பேசுவது என்றீர்கள். நீங்கள் பேச வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும். மருமகள் சொன்னால் அது குற்றச்சாட்டாகிவிடும். மகன் சொன்னால் அது வீட்டுப் பேச்சு. அதைவிட நல்லது, ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போவது. உள்ளே போனதும் டாக்டருக்கு எதிரே உள்ள நாற்காலியில் அவர் உட்காரட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். பகல் முழுக்க அவன் என்ன செய்கிறான் என்று சொல்லத் தெரிந்தவர் அவர்தான். டாக்டர் கேள்வியை அவரிடம் கேட்டு, அவரிடமே பதிலைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் கொஞ்சம் யோசியுங்கள். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை, அறுபது வயதுக்கு மேல், முழங்கால் வலியோடு, நிற்காமல் ஓடுகிற ஒரு பையனை அவர் தனியாகச் சமாளிக்கிறார். அந்த போன் அவனுக்கு மட்டும் வேலை செய்யவில்லை, அவருக்கும் அதுதான் ஓய்வு. அவர் உட்காரக் கிடைக்கும் நேரம் அது மட்டும்தான். அதைப் பிடுங்கினால் பதிலுக்கு வேறு ஓய்வு கொடுக்க வேண்டும். காலைச் சாப்பாட்டை நீங்களோ கணவரோ எப்படியாவது ஏழரைக்கு முடித்துவிட்டுக் கிளம்புங்கள். இரவு உங்கள் இருவர் பொறுப்பு. மதியம் ஒரு வேளை மட்டும் அத்தை கையில். அன்றைக்கு மதியம் என்ன சமையல் என்பதை அவரே முடிவு செய்யட்டும். முடிந்தால் பகலில் ஓரிரு மணி நேரத்துக்கு உதவிக்கு ஓர் ஆள். அப்புறம், "மூணு இட்லி" கதையை அவர் சொல்லும்போது மறுத்துப் பேசாதீர்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் தின்ற இட்லி வருடத்துக்கு வருடம் எண்ணிக்கையில் கூடிக்கொண்டேதான் போகும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

மத்தியானம் வங்கியிலிருந்து வீட்டுக்கு போன் செய்கிறீர்கள் இல்லையா? எடுத்ததும் என்ன கேட்பீர்கள்? "சாப்பிட்டானா?" அந்த ஒரு கேள்விக்கு "ம், சாப்பிட்டான்" என்று சொல்வதற்காகவே ஒன்றரை மணி நேரம் அங்கே போர் நடக்கிறது. மருமகள் கேட்டால் இல்லை என்று சொல்ல எந்த மாமியாருக்கும் மனம் வராது. ஒரு மாதத்துக்கு அதைக் கேட்காதீர்கள். "என்ன பண்றான்? என்ன விளையாடினான்? நீங்க சாப்பிட்டீங்களா அத்தை?" இவ்வளவு போதும். உங்கள் கணவர் ராத்திரி ஒன்பது மணிக்குச் சாக்லேட்டோடு வருவாரானால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் கொண்டுவர வேண்டியது எட்டு மணிக்கு முன்னால் வீடு திரும்பிய ஒரு அப்பாவை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூச்சி மருந்து ஒரு வயது முடிந்த எல்லாக் குழந்தைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். 2 வயதுக்குள் அல்பென்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, நன்றாக நொறுக்கித் தண்ணீரில் கரைத்து. முழுத் துண்டாக வாயில் போடக்கூடாது. அங்கன்வாடியிலேயே கொடுப்பார்கள். ஆனால் இவன் சாப்பிடாததற்குப் பூச்சி காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பசி மருந்து வேண்டாம். கடையில் கேட்டால் தரப்படுவது பெரும்பாலும் சைப்ரோஹெப்டடின். அது ஒவ்வாமைக்கான மருந்து. பக்கவிளைவாகப் பசியும் தூக்கமும் வரும். நிறுத்தியதும் பசியும் நின்றுவிடும். பவுடர்களில் நிறையச் சர்க்கரைதான். அவற்றைப் போட்டால் குடிப்பது இன்னும் கூடும், சாப்பிடுவது இன்னும் குறையும். இப்படிப்பட்ட பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பின் கீழ் விற்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லிவிட்டது. வீட்டில் அரைத்த சத்து மாவு வேறு விஷயம். அதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கரண்டியால் கொடுங்கள், பாட்டிலில் கரைத்து அல்ல.

தொக்கம் பற்றி. தொண்டையில், குடலில் சாப்பாடு சிக்கியிருக்கிறது என்று வயிற்றை நீவி, ஊதி, கடைசியில் உள்ளங்கையில் ஒரு துண்டைக் காட்டுவார்கள். நாள்கணக்கில் உணவுக்குழாயில் ஏதாவது சிக்கியிருந்தால் அந்தக் குழந்தையால் எச்சிலைக்கூட விழுங்க முடியாது, வடிந்துகொண்டே இருக்கும். தினம் ஒரு லிட்டர் பாலை மடமடவென்று குடிக்கிற பையனுக்கு எங்கே என்ன சிக்கியிருக்க முடியும்? அத்தையிடம் இதை இப்படியே கேட்டுப் பாருங்கள், சிரித்துவிடுவார். தொண்டைக்குள் விரல் விடுகிற ஆளிடம் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. கோயிலில் மந்திரிப்பது, திருநீறு போடுவது பற்றி எனக்குச் சண்டையே இல்லை.

நான் இவ்வளவு தைரியமாக எழுதுவது எடை கோட்டில் இருக்கிறது என்பதால். மண், சுவர்க் காரை, சாக்பீஸ் எடுத்துத் தின்றால், எடை ஏறாமல் நின்றால், அடிக்கடி வாந்தி எடுத்தால், கெட்டியாக எதைக் கொடுத்தாலும் புரை ஏறினால், மலச்சிக்கலில் ரத்தம் கண்டால் காத்திருக்காமல் நேரில் காட்டுங்கள். (மலச்சிக்கலே அதிகப் பாலால் வருவதுண்டு.) பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை, பேச்சு ஒன்றிரண்டு சொல்லோடு நின்றுபோய்விட்டது, சாப்பாட்டில் ஒரே நிறம் அல்லது ஒரே வகையைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்றால், அதையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது வேறு விதமாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

பாலைக் குறைத்த முதல் பத்து நாளில் எடை கால் கிலோ குறைந்தாலும் குறையலாம். அத்தை கையில் தூக்கிப் பார்த்தே "இளைச்சுப் போயிட்டான்" என்பார். அதனால் வாரா வாரம் தராசில் ஏற்றாதீர்கள். இப்போது ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை. ஒரே தராசு, காலையில், ஜட்டியோடு. 2 வயதை ஒட்டி வைட்டமின் ஏ சொட்டு மருந்துக்குச் சுகாதார நிலையம் போவீர்கள். அப்போது அட்டையில் மூன்றாவது புள்ளியையும் வைத்துவிட்டு, ஹீமோகுளோபின் அளவோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள்.